சீக்கிரம் நிரம்பிய ஃபில்டர்

நிக்டி, புனே
7-9-2003

அன்புள்ள அகல்யாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. உனக்கும் மாப்பிள்ளை ராம்கிக்கும் குழந்தை ஸ்ரீரஞ்சனிக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது, ராத்திரி நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்க்கச் சொல். குழந்தை தமிழில் பேச மாட்டேன் என்கிறாள் என்று நீ வருத்தப்பட்டாய், நீயும் அந்த வயதில் எல்லாவற்றுக்கும் மராத்தியில்தான் பதில் சொன்னாய், தானாக வந்துவிடும். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை, துணி காயாமல் வீடு முழுக்க ஈரவாடை. அப்பாவுக்குக் கண் புரை முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்குள் அவர் பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போன் செய்கிறாய், இருந்தும் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் வாயில் பொய் சுலபமாக வந்துவிடுகிறது, அதனால்தான். போன மாதம், எதிர்வீட்டு ராஜியின் பையன் ஷ்ரேயஸுக்கு ஏன் டைஃபாய்டு வந்தது என்று நீ கேட்டாய். கண்டதை வெளியே வாங்கித் தின்றது, வேறென்ன என்று சொல்லிவிட்டு உடனே குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தேன். அது பொய். என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதுகிறேன், எழுதுவதற்கே கை கூசுகிறது. நாலு நாளாகத் தொடங்கிக் கிழித்துப்போட்டு இது ஐந்தாவது தாள்.

பிப்ரவரியில் நீ வந்திருந்தபோதுதான் அவர்கள் எதிர்ப்புறம் குடிவந்தார்கள், நினைவிருக்கும். கோயமுத்தூர்க்காரர்கள், புருஷன் ரவிச்சந்திரனுக்கு ஹடப்சரில் வேலை, இந்தப் பக்கம் வாடகை குறைவு என்று தினம் கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் வருகிறான். ராஜிக்கு ஹிந்தியும் தெரியாது மராத்தியும் தெரியாது, நான்கு வயதுப் பையனோடு பகலெல்லாம் தனியாக இருந்தாள். எது வேண்டுமானாலும் எங்கம்மாவைக் கேள், எங்கள் வீட்டு இன்ஜினியர் அவள்தான் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. கட்டடத்தில் எந்த வீட்டில் குழாய் சொட்டினாலும் என்னைத்தானே கூப்பிடுவார்கள், வாஷர் மாற்றுவது, மரையில் வெள்ளை டேப் சுற்றி இறுக்குவது, ஃபில்டர் கழுவித் தருவது எல்லாம் நான்தான். கீழ்வீட்டு தேஷ்பாண்டே அம்மாள் எனக்கு நளவாலி காகூ என்று பெயரே வைத்திருக்கிறாள், குழாய்க்காரச் சித்தி என்று அர்த்தம், அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிரும். மே மாதம் ராஜி வந்து, மின்சாரத்தில் ஓடும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கலாம் என்று இவர் சொல்கிறார், நல்லதா மாமி என்று கேட்டாள். நான் சிரித்தேன். "அத்தனை பணத்தைக் கொட்டி எதுக்குடி அந்தப் பெட்டி? நான் ஒண்ணு தரேன், அதுல வர்ற ஜலம் குடிச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்ததில்லே" என்றேன். பரண்மேல் இருந்த நம் பழைய எவர்சில்வர் ஃபில்டரை இறக்கி, புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். தண்ணீரை வடிகட்ட மேல் பாத்திரத்தில் பொருத்தும் வெள்ளைக் கேண்டில்கள் இரண்டும் பழசு. அந்த வாரம்தான் சிஞ்ச்வடில் ஒரு ஜோடி புதிதாக வாங்கி வந்திருந்தேன், அதை நம் ஃபில்டருக்கு வைத்துக்கொண்டேன். பழைய இரண்டையும் நாரால் தேய்த்து வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்கும்போது ஒன்று கைதவறிப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை, கழுத்துப் பக்கம் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் நானா தூக்கிப் போடுவேன்? குழாய் இடுக்கை அடைக்க உருட்டிப் பிசைந்து ஒட்டுவோமே அந்தப் பசை, அதை விரிசலின்மேல் நகக்கண் அளவு தடவி, காயவைத்து, ஒட்டின பக்கம் பாத்திரத்தின் சுவரைப் பார்த்தாற்போல் திருப்பிப் பொருத்திக் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திருப்பினேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது, அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

ராஜிக்கு ஒரே சந்தோஷம். வாரம் ஒருமுறை கேண்டிலைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், சோப்பு படக்கூடாது, ரப்பர் வாஷர் தளர்ந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதையெல்லாம் காலண்டர் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டாள். ஜூன் கடைசியில் ஒருநாள் மாடிப்படியில் பார்த்து, "ஏனுங் மாமி, உங்க ஃபில்டர் சூப்பருங்க. காலையில ஊத்துனா, சமையல் முடியறதுக்குள்ள அடிப்பாத்திரம் ரொம்பிருதுங்க" என்றாள். அகல்யா, உனக்குத் தெரியும், நல்ல கேண்டில் என்றால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், ராத்திரி ஊற்றினால் விடிந்துதான் நிரம்பும். மூன்று மணி நேரத்தில் நிரம்புகிறது என்றால் தண்ணீர் கேண்டில் வழியாக வடிகட்டாமல் வேறு வழியாக இறங்குகிறது. இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்கிறவளுக்கு அது புரியாதா. இருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நான் தேய்ச்ச தேய்ப்பு அப்படி" என்றேன். சொல்லிவிட்டுக் கறிகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டேன். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன், அடுத்த நாள் ஏகாதசி, அதற்கடுத்த நாள் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. இத்தனைக்கும் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போகும் தரைத்தொட்டியின் மூடி ஒரு மூலையில் உடைந்து, வண்டி நிறுத்தும் இடத்து மழைத்தண்ணீர் அதற்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்துச் செக்ரட்டரியிடம் சொன்னதே நான்தான்.

ஜூலை இரண்டாம் வாரம் பையனுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்கும், சாயந்திரம் மறுபடி ஏறும். ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்து டைஃபாய்டு என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்து பன்னிரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போவேன். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நீலம்பாரித்து, உதடு வெடித்து, மாமி தண்ணி என்று அந்தக் குழந்தை என்னிடம் கேட்டான். என் கையால் தம்ளரைப் பிடித்துப் புகட்டினேன், அது ஆஸ்பத்திரி தண்ணீர்தானா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான். ஆறாவது நாள் முழுக்கக் கண்ணைத் திறக்கவேயில்லை. அன்றைக்கு ராஜி என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எதிலிருந்து வந்தது என்று ரவி கேட்டதற்கு, தண்ணீரோ தின்பண்டமோ, இன்னதென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பத்து நாள் தூங்கினேன்.

ரவியின் அம்மா, சின்னம்மா என்று பெயர், கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். நல்ல மனுஷிதான், பேரன்மேல் உயிர். வந்ததும் வராததுமாக என்னென்ன கொடுத்தாய் என்று ராஜியைக் குடைந்தெடுத்தாள். ஜூலை தொடக்கத்தில் துர்கா டேக்டி குன்றுப் பூங்காவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு தட்டு பானிபூரி வாங்கி, அதில் பையனுக்கு இரண்டு கொடுத்ததை ராஜி மறைக்காமல் சொன்னாள். அவ்வளவுதான். "பெத்த புள்ளைக்கு எமனை வெலைக்கு வாங்கிக் குடுத்துப்போட்டாளே இவ" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டாள். ரவி ராஜியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான், அது அதைவிடக் கொடுமை. சின்னம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா, மழைக்காலத்துல ரோட்டுத் தண்ணியில முக்குன பண்டத்தைக் கொழந்தைக்குக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது ஒரு நிமிஷம் கிடைத்தது. சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டி, "கொடுக்கப்படாதுதான்" என்றேன். ராஜி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை அகல்யா, மாமியே சொல்லிவிட்டார்கள், அப்படியானால் நான் செய்தது தப்புதான் என்று ஒப்புக்கொண்ட பார்வை அது. அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க முடியாது.

இதைவிடக் கீழே போனதையும் சொல்லிவிடுகிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் பகலில் கதவைத் திறந்து உள்ளே போய், உட்புறம் தாழ் போட்டுக்கொண்டேன். ஃபில்டரைப் பிரித்துக் கேண்டிலைக் கழற்றினேன். நான் ஒட்டின பசை பொருக்காக எழும்பி நின்றது, தேய்க்கும்போது ராஜி அதைக் கேண்டிலோடு சேர்ந்தது என்றே நினைத்திருப்பாள், விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, விரிசலில் நகம் நுழைந்தது. அடிப்பாத்திரத்தின் அடியில் மெல்லிய வண்டல், வடிகட்டின தண்ணீரில் அது இருக்கவே கூடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். நம் ஃபில்டரிலிருந்து ஒரு நல்ல கேண்டிலைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன், அதை அங்கே பொருத்தி, விரிசல் விட்டதைப் பேப்பரில் சுற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். சுவரில் அந்தக் காலண்டர் மாட்டியிருந்தது, நான் சொன்னபடி வாராவாரம் கழுவின தேதியெல்லாம் அவள் குறித்துவைத்திருந்தாள், ஒரு வாரம் கூட விடவில்லை. நம் வீட்டுக்கு வந்தபோது அப்பா கையில் என்ன என்று கேட்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாதது அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. பழைய துணி என்றேன்.

பையன் ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்கு வந்தான், குச்சியாக. நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். ராஜி பாதியாகிவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, மாமியார் என்ன சொன்னாலும் பதில் பேசுவதில்லை. ஒருநாள் என்னிடம், "என்ற கையாலயே கொழந்தைக்கு வெஷம் குடுத்துட்டேனுங் மாமி. தண்ணியாவது உங்களால நல்லதாக் கெடச்சுது, இல்லீன்னா என்ன ஆயிருக்குமோ" என்றாள். அன்றைக்கும் நான் பேசாமல் வந்துவிட்டேன். கோகுலாஷ்டமிக்குச் சீடை எடுத்துக்கொண்டு போனேன், சின்னம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஜி உள்ளேயிருந்து வந்து, "மாமி, ஃபில்டர்ல என்னமோ அடைச்சிருச்சுங்க. முன்னெல்லாம் சடசடன்னு ரொம்பும், இப்ப ராத்திரி ஊத்துனா காலையிலதான் ரொம்புது. நானும் நல்லாத்தான் தேய்க்கிறேன், நான் எது செஞ்சாலும் தப்பாப் போகுதுங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுக்கு அடைத்திருக்கும், கொடு, நான் பார்க்கிறேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அடைத்ததற்கும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தபோது சீடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"இப்பத்தான் அது சரியா இருக்கு ராஜி. முன்னாடி இருந்ததுதான் தப்பு. விரிசல் விட்ட கேண்டிலைத் தெரிஞ்சே ஒட்டிக் கொடுத்தவ நான். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கச்சே திருட்டுத்தனமா மாத்தினதும் நான்தான். பானிபூரின்னு உங்க மாமியார் சொன்னப்போ தலையாட்டினேனே, எனக்குத் தெரிஞ்சேதான் ஆட்டினேன்" என்று சொன்னேன். பேப்பரில் சுற்றி வைத்திருந்ததை நம் வீட்டிலிருந்து எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. ராஜி சுவரோடு ஒட்டி நின்றாள். சின்னம்மா எடுத்ததும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பேரனை இறுக்கிக்கொண்டு, "வயசுல பெரியவிக, படிச்சவிக. என்ற மருமகளை நான் அத்தனை பேருக்கு முன்னால கிழிச்சனே, பாத்துட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லையே என்பது நாக்கு நுனியில் இருந்தது, அதை முழுங்கிவிட்டேன், அந்த மட்டும் ஒரு புத்தி வந்தது. சாயந்திரம் ரவி ஃபில்டரைத் துடைத்துச் சுத்தமாக எடுத்து வந்து நம் வாசலில் வைத்து, "ராஜி குடுத்துட்டு வரச் சொன்னா மாமி" என்றான். முகத்தில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி சின்னம்மா சாதம் பிசைந்து மருமகளுக்குக் கையில் போட்டாளாம், இருவரும் சேர்ந்து அழுதார்களாம், ரவிதான் பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "கையில காசில்லாதப்போ ஒட்டவெச்சுக் காலம் தள்ளினோம், சரி. இப்போ என்னடி இல்லே நமக்கு? உனக்குக் கெட்டிக்காரின்னு பேர் வேணும், அதுக்குத்தான்" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை இப்படிச் சொன்னதில்லை, சொன்னது சரி. மறுநாள் நான் கைவைத்த ஒன்பது வீட்டுக்கும் போய், கேண்டிலைக் கழற்றிப் பாருங்கள், நான் ஒட்டினது ஏதாவது இருந்தால் எறிந்துவிடுங்கள் என்று காரணத்தையும் சொன்னேன். தேஷ்பாண்டே அம்மாள் வீட்டிலும் ஒன்று நான் ஒட்டினது இருந்தது. அவள் அதை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இப்போது ஒருவரும் என்னைக் குழாய் பார்க்கக் கூப்பிடுவதில்லை. தரைத்தொட்டி மூடிக்காகச் செக்ரட்டரி வாசலில் மூன்று நாள் போய் நின்றேன், நாலாம் நாள் ஆள் அனுப்பி, தொட்டியைக் கழுவி, புது மூடி போட்டார்கள்.

போன வியாழக்கிழமை ராஜியே கதவைத் தட்டினாள். நான் உள்ளே வா என்றேன், வரவில்லை, வாசலிலேயே நின்றாள். சொல்ல வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள்போல் ஒரே மூச்சில் சொன்னாள். "மாமி, எங்கத்தை முன்னால உண்மையச் சொன்னீங்க, அதை மறக்க மாட்டேனுங்க. அத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க, அதையும் மறக்க மாட்டேனுங்க. இனிமேலு எங்க வீட்டுத் தண்ணிய நானே பாத்துக்கறேன்." அப்புறம் தயங்கி நின்று, ஷ்ரேயஸ் சீடை கேட்கிறான், மீதி இருந்தால் கொடுங்கள் என்றாள். டப்பாவோடு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள், கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

இதுதான் நடந்தது. உன் பேச்சை நம்பித்தானே அவள் என்னிடம் வந்தாள், அதனால் உன்னிடமும் நான் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். முடிந்தால் ராஜிக்கு நாலு வரி எழுது, எனக்காகப் பரிந்து எழுதாதே, குழந்தை எப்படியிருக்கிறான் என்று மட்டும் கேள். உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றபோது துணியைச் சுற்றிக் கட்டு என்று போனில் வைத்தியம் சொன்னேனே, அதைக் கேட்காதே, ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடு. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். உங்கள் மூவருக்கும் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் பகவான் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு என்மேல் கோபம் வந்தால் கோபித்துக்கொள், நான் கேட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள்